முதலாளி சொன்னாலும் கேட்டுவிட்டு அனுப்பு

(பவானியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மை செய்யப்பட்ட எழுத்து வடிவம்)



தகவல் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் சிறுதொழில் செய்பவர் முதலில் கேட்பது, "எந்த ஆன்டிவைரஸ் வாங்கறதுங்க?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் மென்பொருளுக்கு இந்த உரையில் கொஞ்ச இடம்தான். மீதி எல்லாம் அலுவலக மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் மனிதர்களைப் பற்றியது.

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005-06இல். அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே நெசவுத் தொழிலில் தராசு இருக்கிறது. நூல் கொடுக்கும்போது எடை, நெய்து வரும்போது எடை. இருபது வருஷமாகப் பழகிய நெசவாளருக்கும் எடை உண்டு, நேற்று வந்தவருக்கும் உண்டு. எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால் அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. அதே தொழிலகத்தின் அலுவலக அறைக்குள் போய்ப் பாருங்கள். கால் கிலோ நூலுக்குக் கணக்குக் கேட்கிற இடத்தில், பதினைந்து லட்சம் ரூபாய் ஒரு வாட்ஸ்அப் செய்தியை நம்பி ஆர்டிஜிஎஸ்ஸில் போய்விடுகிறது.

இன்றைய வாதம் இதுதான்: பணமோ தகவலோ கேட்பவர் யாராக இருந்தாலும், முதலாளியாகவே இருந்தாலும், சரிபார்த்த பிறகே கொடுப்பது என்ற வழக்கம் ஒரு நிறுவனத்தில் ஊறிப் போனால், அதுவே பாதுகாப்புப் பண்பாடு. அந்த வழக்கத்துக்கு முதலில் கட்டுப்பட வேண்டியவரும் முதலாளிதான். சிறுதொழில் என்றதும் நாலு தறிக் கொட்டகையை மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம். 2025 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள வரையறைப்படி ஆண்டுக்கு 500 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ள நிறுவனமும் நடுத்தர நிறுவனம்தான். ஈரோட்டு ஜவுளிக்கடை, சென்னிமலைப் போர்வை வியாபாரி, கோவைப் பம்ப் தொழிற்சாலை, திருப்பூர் ஏற்றுமதியாளர் என்று பலரும் இந்த வரையறைக்குள் அடங்குவார்கள்.

1. கொங்கு நாட்டுத் தொழில் குரலில் நடக்கிறது. "அண்ணன் சொல்லீட்டாருங்க" என்றால் வேலை முடிந்தது. அந்த வேகத்தால்தான் இந்த ஊர்கள் வளர்ந்தன. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் திருடன் வந்து நிற்பதும் அந்தக் குரலின் பக்கத்தில்தான்.

2022 செப்டம்பரில் புனேயில் நடந்ததைப் பாருங்கள். தடுப்பூசி தயாரிப்பில் உலகிலேயே முன்னணியில் இருக்கும் சீரம் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநர் ஒருவருக்கு, தலைமைச் செயல் அதிகாரி அதார் பூனாவாலாவின் பெயரில் வாட்ஸ்அப் செய்தி வந்தது. சில வங்கிக் கணக்குகளுக்கு உடனே பணம் அனுப்பச் சொன்னது அந்தச் செய்தி. 1 கோடியே 1 லட்சம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது. பூனாவாலா அப்படி எதுவும் அனுப்பவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஊடுருவலும் இல்லை, வைரஸும் இல்லை. முதலாளியைத் திருப்பிக் கேட்கத் தயங்கும் மனசு ஒன்றே திருடனுக்குப் போதுமானதாக இருந்தது.

குரலையும் முகத்தையும் இப்போது செய்தே எடுத்துவிடுகிறார்கள். அரூப் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் அலுவலகத்தில் ஒரு நிதி ஊழியருக்கு, ரகசியமாகப் பணம் அனுப்ப வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது. அவர் முதலில் சந்தேகப்பட்டார், சரியாகத்தான் சந்தேகப்பட்டார். பிறகு வீடியோ அழைப்பில் தலைமை நிதி அதிகாரியும் சக ஊழியர்களும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அந்த அழைப்பில் அவரைத் தவிர மற்ற அனைவரும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட போலிகள். 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலர் போனது. 2024 தொடக்கத்தில் இந்தச் செய்தி வெளியானது.

இதற்கு மாற்று எளிது, செலவும் இல்லை. புதிய கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லி எந்த வழியில் சொல் வந்தாலும், கணக்காளர் ஏற்கெனவே தன்னிடம் இருக்கும் எண்ணில் முதலாளியைத் திரும்ப அழைக்க வேண்டும். செய்தி வந்த எண்ணுக்கே அழைத்தால் திருடனே எடுத்து, "ஆமா, நான்தான்" என்பான். சிக்கல் எங்கே என்றால், இந்த விதியைச் சுவரில் ஒட்டிவிட்டு, கணக்காளர் நிஜமாகவே கூப்பிடும்போது முதலாளி எரிந்து விழுவார்.

"அண்ணா, நீங்க சொன்ன அந்தப் புதுக் கணக்குதானுங்களா? ஒருக்கா கேட்டுக்கலாம்னு கூப்பிட்டனுங்க."

"நான் சொன்னதுக்கப்புறம் என்ன கேள்வி? அனுப்பு போ!"

அந்த ஒரு பதிலோடு விதி செத்தது. அடுத்த முறை அவர் கூப்பிட மாட்டார். "கேட்டது நல்லதாப் போச்சு, அதுதான் கணக்கு, அனுப்பிடு" என்று சொல்ல ஆகும் நேரமும் அதே நேரம்தான்.

முதலாளியின் மேல் நேரடியாகவே வலை விழுவதும் உண்டு. 2024 ஆகஸ்டில் லூதியானாவின் வர்த்தமான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ். பி. ஓஸ்வாலை, சிபிஐ அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் ‘டிஜிட்டல் கைது’ செய்தார்கள். உச்ச நீதிமன்றம் மாதிரி ஒரு போலி விசாரணையையே காணொளியில் நடத்திக் காட்டினார்கள். 7 கோடி ரூபாய் போனது; பஞ்சாப் போலீஸ் 5.25 கோடியை மீட்டது. நூல் தொழிலில் இருப்பவர்களுக்கு வர்த்தமான் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்டவரிடம் மோசடிக்காரர்கள் போட்ட முக்கிய நிபந்தனை, யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பதே. முதலாளியும் இன்னொருவரிடம் சொல்லிவிட்டுத்தான் பெரிய தொகையை அனுப்பலாம் என்ற வழக்கம் இருக்கும் இடத்தில் இந்த நிபந்தனை எடுபடாது.

2. வங்கிகள் நிறுவனக் கணக்குகளுக்கு நெட் பேங்கிங் தரும்போது ‘மேக்கர்’, ‘செக்கர்’ என்று இரண்டு பேரை வைத்துக்கொள்ள வசதி தருகின்றன. ஒருவர் பரிவர்த்தனையைப் பதிவு செய்ய வேண்டும், மற்றவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். நல்ல ஏற்பாடு. நம் ஊர் அலுவலகங்களில் அதற்கு நேரும் கதி எல்லோருக்கும் தெரிந்ததே: இரண்டு பாஸ்வேர்டும் ஒரே டைரியில், ஒரே கையெழுத்தில், மேசையின் மேல் டிராயரில். ஓடிபி முதலாளியின் போனுக்கு வரும். அவர் தறிச் சத்தத்துக்கு நடுவில் எதற்கு வந்தது என்று பார்க்காமல் அதை ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். முதலாளியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆடிட்டர் அலுவலகத்தில், மற்ற இருபது கம்பெனி டோக்கன்களோடு ஒரு டப்பாவில் கிடக்கும். டேலி ரிப்பேர் பார்க்க வந்த பையன் போட்டுவிட்டுப் போன, தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் ‘எனிடெஸ்க்’, வருஷக்கணக்காக அதே பாஸ்வேர்டோடு திறந்தே இருக்கும்.

இதில் எதையும் சரிசெய்யப் பெரிய பொறியாளர் வேண்டாம். செக்கர் பாஸ்வேர்டு முதலாளி அல்லது பங்காளி ஒருவரின் தலைக்குள் மட்டும் இருக்கட்டும். தொகையையும் கணக்கின் பெயரையும் வாசித்துப் பார்த்த பிறகே ஒப்புதல். ஓடிபி குழுவுக்குப் போகவே கூடாது.

ஏற்றுமதி செய்பவர்களுக்கு இன்னொரு வகைத் தொல்லை உண்டு. வெளிநாட்டு வாங்குநருக்கும் நமக்கும் நடுவில் ஒருவன் மின்னஞ்சலைப் படித்துக்கொண்டே இருப்பான். சரக்கு கப்பலேறும் வரை வாயைத் திறக்க மாட்டான். பணம் வர வேண்டிய வாரத்தில் நம் பெயரிலேயே வாங்குநருக்கு ஒரு கடிதம் போகும்: தணிக்கை காரணமாக எங்கள் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறது, இனி இதற்கு அனுப்பவும். முகவரியில் ஆங்கில ‘எம்’ எழுத்துக்குப் பதிலாக ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டிப் போட்டிருப்பான். கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் தெரியாது. இந்த மாதிரித் தொழில் மின்னஞ்சல் மோசடியில் மட்டும் 2023இல் 290 கோடி டாலர் இழப்பு என்று அமெரிக்காவின் எஃப்பிஐக்குப் புகார்கள் வந்தன. புரொஃபார்மா இன்வாய்ஸிலேயே ‘எங்கள் வங்கிக் கணக்கு மாற்றத்தை மின்னஞ்சலில் தெரிவிக்க மாட்டோம், மாறினால் நேரடியாகப் போனில் பேசி உறுதி செய்யவும்’ என்று ஒரு வரி அச்சடித்துவிட்டால், சரிபார்க்கும் வேலையை வாங்குநரும் பகிர்ந்துகொள்வார்.

3. மூன்றாவது விஷயத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். திருட்டு நடக்கும்போது யாராவது ஒருவர் கண்ணில் ஏதாவது ஒரு சின்னக் கோளாறு படத்தான் செய்கிறது. அவர் அதைச் சொல்கிறாரா, "வழக்கம்போலத்தான்" என்று விட்டுவிடுகிறாரா என்பதில் கோடிகள் தங்கியிருக்கின்றன.

கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கி 1904இல் தொடங்கியது. 2018 பிப்ரவரியில், வங்கிகள் நாடு விட்டு நாடு பணம் அனுப்பச் செய்தி பரிமாறும் ‘ஸ்விஃப்ட்’ அமைப்பு வழியாக, வங்கிக்கே தெரியாமல் மூன்று பரிவர்த்தனைகள் போயின: துபாய்க்கு 5 லட்சம் டாலர், துருக்கிக்கு 3 லட்சம் யூரோ, சீனாவுக்கு 10 லட்சம் டாலர். ஸ்விஃப்ட் கணினியோடு இணைந்த பிரிண்டரைத் திருடர்கள் முதலிலேயே முடக்கிவிட்டார்கள். அதனால் பரிவர்த்தனைக்கான ஒப்புகைச் செய்திகள் அச்சாகவில்லை. பிப்ரவரி 7ஆம் தேதி காலை கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. துபாய்க்குப் போன தொகை உடனே தடுக்கப்பட்டது. தினமும் கணக்கை ஒப்பிடும் பழக்கம் இருந்ததால் மறுநாளே தெரிந்தது. மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மெண்டை ஆடிட்டருக்கு அனுப்பும்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிற நிறுவனங்கள் இந்த அவையிலேயே பல இருக்கும்.

பிரிண்டர் கதைக்கு ஒரு மூத்த சகோதரனும் உண்டு. 2016 பிப்ரவரி 4 இரவு வங்கதேச மத்திய வங்கியின் பெயரில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வுக்கு 35 கோரிக்கைகள் போயின. மொத்தம் 95 கோடி டாலர். மறுநாள் காலை டாக்காவில் பிரிண்டர் வேலை செய்யவில்லை. பிரிண்டர்தானே, அடிக்கடி மக்கர் செய்வதுதானே என்று விட்டுவிட்டார்கள். 8.1 கோடி டாலர் மணிலா போய்ச் சேர்ந்தது.

அதே இரவில் இலங்கைக்கு 2 கோடி டாலர் போனது, ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு. ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல்லில் எழுத்துப் பிழை இருந்ததை இடையிலிருந்த டாய்ச்சு வங்கி கவனித்து விளக்கம் கேட்டது. கொழும்பில் பான் ஏசியா வங்கியிலும், இவ்வளவு பெரிய தொகை எங்களைப் போன்ற நாட்டுக்கு வழக்கமில்லையே என்று ஒருவர் கேட்டார். அந்த 2 கோடி டாலரும் திரும்பி வந்தது. உலகின் மிகப் பெரிய வங்கிக் கொள்ளைகளில் ஒன்றில், ‘இது கொஞ்சம் வழக்கமில்லாமல் இருக்கே’ என்று மேசையிலிருந்து கேட்டவர்களால் இந்தத் தொகை தப்பியது. அப்படிக் கேட்பவருக்கு நம் நிறுவனங்களில் கிடைக்கும் பெயர் ‘நொச்சு’ என்பது வருத்தமான விஷயம்.

4. "எங்ககிட்ட என்ன இருக்குதுன்னு திருட வருவான்?" என்பது சிறுதொழில் செய்பவர்கள் வழக்கமாகக் கேட்பது. பதில்: உங்களிடம் பெரியவர் வீட்டுக் கதவுச் சாவி இருக்கிறது.

2022 பிப்ரவரி கடைசியில் டொயோட்டாவுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் தரும் கோஜிமா நிறுவனத்தின் கணினிகள் முடங்கின. மார்ச் 1ஆம் தேதி டொயோட்டா ஜப்பானிலுள்ள தன் 14 ஆலைகளிலும் 28 உற்பத்தி வரிசைகளை நிறுத்தியது. டொயோட்டாவின் கணினி நன்றாகத்தான் இருந்தது. பாகம் தருபவரின் கணினி படுத்ததால் கார் உற்பத்தி நின்றது. அமெரிக்காவில் 2013இல் டார்கெட் கடைகளிலிருந்து 4 கோடி அட்டை விவரங்கள் போனதும், குளிரூட்டல் வேலை பார்த்த ஒரு சிறு ஒப்பந்தக்காரரின் பாஸ்வேர்டு வழியாகத்தான். நம் நாட்டில் 2024 ஜூலை 31 அன்று, சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம், கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானதால், கூட்டுறவு, கிராம வங்கிகள் சுமார் 300க்கு யுபிஐ உள்ளிட்ட சேவைகளை, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ தற்காலிகமாக நிறுத்தி வைத்தது.

கோவையில் வாகன உதிரிபாகம் செய்பவருக்கும், திருப்பூரில் வெளிநாட்டு பிராண்டுக்குத் தைப்பவருக்கும் இது பாடம் மட்டுமில்லை, ஆர்டர் விஷயமும்கூட. சாயக் கழிவுநீர், தொழிலாளர் நிலை பற்றியெல்லாம் வாங்குநர் கேள்வித்தாள் அனுப்பி அலுத்துப் போயிருப்பீர்கள். அந்த வரிசையில் தகவல் பாதுகாப்பும் சேர்ந்துகொண்டிருக்கிறது. 2025 செப்டம்பரில், கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பு குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கென்றே 15 அடிப்படைக் கட்டுப்பாடுகளை வெளியிட்டிருக்கிறது. கேள்வித்தாள் வருவதற்குமுன் அதை ஒருமுறை வாசித்து வைத்துக்கொள்வது லாபம்.

5. இப்போது இயந்திரம். 2017 மே 12இல் உலகை உலுக்கிய ‘வன்னாகிரை’ ரேன்சம்வேருக்கான மருந்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. கிராக் செய்த விண்டோஸ், கிராக் செய்த டேலி ஓடும் கணினியில் ஆன்டிவைரஸ் போட்டுப் பயனில்லை. திருடனை உள்ளே வைத்துத்தான் கதவைப் பூட்டுகிறோம்.

பேக்கப் பற்றி மட்டும் ஒரு கதை. 2017 ஜூன் 27இல் உக்ரைன் நாட்டுக் கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட் வழியாகக் கிளம்பிய ‘நாட்பெட்யா’ என்ற நாசகார நிரல், கப்பல் நிறுவனமான மேர்ஸ்க்கை உலகம் முழுவதும் முடக்கியது. மும்பை நவஷேவா துறைமுகத்தில் அதன் முனையமும் நின்றது. பயனர் விவரங்களை வைத்திருந்த சர்வர்கள் ஒன்றுக்கொன்று இணைந்திருந்ததால் எல்லாமே அழிந்தன, ஒன்றைத் தவிர. கானா நாட்டு அலுவலகத்தில் அந்த நேரம் கரண்ட் போயிருந்தது. இணைப்பில் இல்லாத அந்த ஒரு சர்வரை வைத்துத்தான் நிறுவனம் எழுந்தது. கணினியிலேயே எப்போதும் செருகிக் கிடக்கும் பென்டிரைவ் பேக்கப் ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. வாரம் ஒருமுறை எடுத்து, கழற்றி, வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கணினிக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிற ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அதற்குத் தோதான நாள்.

6. கடைசியாக, நடந்துவிட்ட பிறகு.

இங்கிருந்து சங்ககிரி, நாமக்கல் பக்கம் போனால் லாரித் தொழில்தான். அதனால் ஒரு லாரிக் கம்பெனியின் கதை. இங்கிலாந்தின் கேஎன்பி குழுமம் 1865இல் தோன்றிய மரபு உடையது. சுமார் 500 லாரிகள். 2023 ஜூனில் ஓர் ஊழியரின் பலவீனமான பாஸ்வேர்டை ஊகித்து உள்ளே நுழைந்ததாகக் கருதப்படும் கும்பல் எல்லாத் தகவலையும் பூட்டியது. சைபர் காப்பீடும் இருந்தது. இருந்தும் அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனம் திவாலானது. சுமார் 700 பேருக்கு வேலை போனது. அது யாருடைய பாஸ்வேர்டு என்பதை அந்த ஊழியரிடம் தாம் சொல்லவே இல்லை என்று பின்னாளில் அதன் இயக்குநர் ஒருவர் தெரிவித்தார். தனி ஒருவர் தலையில் 158 வருஷத்துப் பாரத்தை ஏற்றி வைக்க அவருக்கு மனம் வரவில்லை போலும்.

நம் ஊரில் அப்படிப் பழிபோடாமல் விடும் மனம் வருவது கடினம். பணம் போனால் கணக்காளரின் சம்பளத்தில் பிடிப்பது, ஊர் முன்னால் திட்டுவது, சில இடங்களில் அவர்மேலேயே சந்தேகப்படுவது என்று போகிறது. விளைவு, அடுத்தவர் தவறு செய்தால் மறைப்பார். ஆனால் இந்த விவகாரத்தில் நேரம்தான் பணம். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்தால், பணம் எந்தெந்தக் கணக்குக்கு நகர்கிறதோ அந்த வங்கிகளுக்குத் தகவல் போய் முடக்க வழியிருக்கிறது. திட்டுக்குப் பயந்து கணக்காளர் மாலை வரை வாய் திறக்காமல் இருந்தால், அதற்குள் அது பத்து கணக்கு தாண்டியிருக்கும். செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவுப்படி கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உள்ளுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் சொல்லத் தயங்கும் இடத்தில் 6 மணி நேரம் எதற்கும் காணாது.

இன்னொரு சட்டமும் வருகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். தகவலைக் காக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். தனிநபர் தகவல் நம்மிடம் ஏது என்பவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து மில்லில் வேலை செய்பவர்களின் ஆதார் நகலும் பாஸ்புக் நகலும் யார் யாருடைய போன் கேலரியில் இருக்கின்றன என்று இன்றிரவே தேடிப் பார்க்கலாம். வேலையைவிட்டுப் போய் மூன்று வருஷமானவரின் ஆதாரும் அதில் இருக்கும்.

பவானி, குமாரபாளையம் தொழிற்சங்கங்களுக்கும் வியாபாரிகள் சங்கங்களுக்கும் ஒரு கோரிக்கை. மாதக் கூட்டத்தில் பஞ்சு விலை, நூல் விலை பேசிய பிறகு, அந்த மாதம் யாருக்கு எந்த மாதிரி மோசடி அழைப்பு வந்தது என்று பத்து நிமிஷம் பேசுங்கள். ஏமாந்தவர் பெயர் வேண்டாம், நடந்த விதம் போதும். ஈரோட்டில் ஒருவரிடம் எடுபட்ட தந்திரம் அதே வாரத்தில் குமாரபாளையத்துக்கும் வரும் என்பதால், இந்தப் பத்து நிமிஷம் எந்த மென்பொருளையும்விட முந்திக்கொண்டு எச்சரிக்கும்.

பேச்சு இவ்வளவுதான். கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். கணக்காளர்களும் அலுவலக உதவியாளர்களும் முதலில் கேட்கட்டும், முதலாளிகள் அதற்கப்புறம்.